அத்தையின் கால்மேல் நான் உட்கார்ந்த தவக்காலம்

போன வாரம் நான்கு நாள் நான் காலை நடைக்கு வரவில்லை என்றதும், கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து நீங்கள் பேசிய பேச்செல்லாம் என் காதுக்கு வந்துவிட்டது. ஒருத்தி எனக்கு முழங்கால் போய்விட்டது என்றாளாம். இன்னொருத்தி மருமகளோடு சண்டை என்றாளாம். மூன்றாமவள், அவள் யார் என்று எனக்குத் தெரியும், “ஆளே போயிட்டாளோ என்னமோ” என்று சொல்லிவிட்டுச் சுண்டலை மென்றாளாம். போகவில்லையடி. என் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். துணைக்கு நான் இருந்தேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. சிதம்பரத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படித்து, அங்கேயே முப்பது வருஷம் பேராசிரியையாக இருந்தவள். சனிக்கிழமை ஆனால் பாண்டிச்சேரி ஹோட்டல் ஒன்றில் ஜாஸ் கோஷ்டிக்கு டிரம்ஸ் அடித்தவள். இரண்டும் ஒரே ஆள்தான். ஜாஸ் என்றால் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள், நான் ஐந்தாவதோடு நின்றவள். எனக்குப் புரிந்தவரை, ஐந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டை ஆரம்பித்து, ஆளுக்கொரு சந்தில் புகுந்து தொலைந்துபோய், கடைசியில் எப்படியோ ஒரே நேரத்தில் வீட்டு வாசலில் வந்து நிற்பது. தொலைந்தவர்களுக்கு வழி தெரிய வேண்டும் என்று ஒருவர் மட்டும் விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார். அந்த ஒருவர்தான் அத்தை.

நீங்கள் தினமும் கால் பற்றித்தானே பேசுகிறீர்கள்? நானும் ஒரு காலைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் காலின்மேல் எட்டு வயதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் ஒரு கல்யாணம் நிச்சயமாகி, இன்னொரு விஷயத்தால் நின்றும் போனது. ஏன் நின்றது என்று அப்பா கடைசிவரை தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்தார். சரியான காரணம் எனக்குத் தெரியும். ஒரு டின் பிஸ்கட்டுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். டின் எப்போதோ காலி. இனி பேசலாம்.

அப்போது எங்கள் வீடு முதுநகரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால். அப்பா கூட்ஸ் ஆபீசில் வேலை. காற்று துறைமுகப் பக்கமிருந்து அடித்தால் வீடெல்லாம் கருவாடு மணக்கும், ஸ்டேஷன் பக்கமிருந்து அடித்தால் கரிப்புகை. பக்கத்தில் ரயில்வேக்காரர்கள் சாயங்காலம் கூடுகிற மன்றம் ஒன்று இருந்தது. அங்கே ஆங்கிலோ இந்தியரான ஒரு ரயில் கார்டு சின்னதாக ஒரு பேண்ட் வைத்திருந்தார். அவருடைய டிரம்ஸ்காரன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட, வளைய விளையாட்டு விளையாடப் போன அத்தை, காலியாக இருந்த அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டாள். கார்டு அவளை எழுந்திரு என்று சொல்லவில்லை. “அந்த ஆளு ரயிலத் தவற விட்டதில்ல, அன்னிக்கு மட்டும் செவப்புக் கொடி காட்ட மறந்துட்டாரு” என்பார் அப்பா.

பிறகு மன்றத்தை மூடி அதில் பழைய ஆபீஸ் ரிகார்டுகளை அடுக்கினார்கள். கார்டு டிரம்ஸை அத்தையிடமே கொடுத்துவிட்டார். இரண்டு போர்ட்டர்கள் அதைத் தள்ளுவண்டியில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு பெரிய டிரம், இரண்டு சின்னது, தாம்பாளம் மாதிரி ஒரு வெண்கலத் தட்டு, காலால் மிதித்தால் வாய் மூடுகிற ஜோடித் தட்டு ஒன்று. இரண்டு அறை வீட்டில் இதற்கெல்லாம் இடம் ஏது? என் அம்மா வீணாக்கத் தெரியாதவள். வெண்கலத் தட்டு இட்லி மாவுப் பானைக்கு மூடியாகிவிட்டது. காலையில் அம்மா மாவு எடுத்தால் தெருவுக்கே ‘ஜங்ங்ங்’ என்று கேட்கும். மெல்லிய கம்பிகளை விசிறி மாதிரிக் கட்டிய பிரஷ் ஒரு ஜோடி இருந்தது. அத்தை அதை மஸ்லின் துணியில் சுற்றி வைத்திருப்பாள். டிரம்மின்மேல் அதைத் தேய்த்தால் மழை தூரத்தில் வருகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் அது காணாமல் போனது. மூன்று நாள் தேடினோம். கிணற்றடியில் அம்மா மத்தி மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள், அதைக் கொண்டுதான்.

“அண்ணி! அது பிரஷ்ஷு!”

“பிரஷ்ஷுன்னு தெரிஞ்சுதான எடுத்தேன். நல்லா வருது, பாரு.”

அத்தையின் கையால்கூட எங்களுக்கு அவ்வளவு தொந்தரவில்லை. கால்தான். வலது காலில் ஒரு கணக்கு, இடது காலில் வேறு கணக்கு. சாப்பிடும்போது ஆடும், படிக்கும்போது ஆடும், தூங்கும்போது போர்வைக்குள் ஆடும். நம் வீடுகளில் உட்கார்ந்து காலை ஆட்டினால் என்ன சொல்வார்கள், உங்களுக்குத் தெரியாதா? வீட்டுக்கு ஆகாது என்பார்கள். எங்கள் வீட்டில் பால் திரிந்தாலும் அத்தையின் கால்தான், அப்பாவுக்குப் பிரமோஷன் தள்ளிப் போனாலும் அத்தையின் கால்தான். “பூரான் மாதிரி எந்நேரமும் எதாவது ஒண்ணு அசைஞ்சிகிட்டே இருக்கு இவளுக்கு” என்பாள் அம்மா. முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லும்போது மட்டும்தான் அந்தக் கால்கள் சும்மா இருக்கும். அப்போதும் பெருவிரலைப் பார்த்தால் தெரியும்.

ஆராய்ச்சியும் காலில்தான் போய் நின்றது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து அரிசி ஆலைகளில், அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். பெண்கள் வரிசையாக நடந்து அதைக் காலாலேயே கிளறிவிடுவார்கள். பாட்டு கிடையாது, எண்ணிக்கை கிடையாது, ஆனால் பத்துப் பேர் காலும் ஒன்றாக விழும். அது எப்படி என்று அத்தை இருநூறு பக்கம் எழுதியிருந்தாள். நடுவில் ஜாஸ் பற்றியும் நாற்பது பக்கம். சிதம்பரத்துப் பேராசிரியர் எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்: “எப்படி நடக்கிறாங்கன்னு எழுதிட்டம்மா. யார் நடத்துறாங்கன்னு எங்க இருக்கு?” ஈஸ்டர் கழிந்து மூன்றாவது வாரம் வாய்மொழித் தேர்வு. அதற்குள் பதில் வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் வரன் வந்தது.

தவக்காலம். ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாள் எங்கள் வீட்டில் கறி இல்லை, சினிமா இல்லை, பாட்டு இல்லை. நானும் என் பங்குக்கு ஈஸ்டர்வரை பிஸ்கட் தின்பதில்லை என்று இயேசு சாமிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நானாகக் கொடுக்கவில்லை, அம்மா என் சார்பில் கொடுத்தாள். கோயிலில் கடைசி இரண்டு வாரம் சுரூபங்களை ஊதாத் துணி போட்டு மூடுவார்கள் அல்லவா? வீட்டில் அம்மா முதல் நாளே மாதாவையும் சூசையப்பரையும் மூடினாள். துணி மீந்தது. அத்தை அதை வாங்கி டிரம்ஸையும் மூடிவிட்டாள். “இதுவும் நாப்பது நாளு வாய மூடிகிட்டுதான இருக்கப்போவுது” என்றாள்.

வரன் கொண்டுவந்தவர் கோயில் உபதேசியார். அவர் பொய் சொல்ல மாட்டார். உண்மையைப் பாதியில் நிறுத்திவிடுவார்.

“காட்டுமன்னார்கோயில் பக்கம், நம்ம சனம்தான். ரைஸ் மில்லு. பையன் இல்லன்னா மில்லுல ஒண்ணும் ஓடாது” என்றார்.

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அத்தைக்கு இருபத்தாறு வயது. தாய் தகப்பன் இல்லாத தங்கை. ஊர் அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

“பொண்ணு டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணுதுன்னு சொல்லட்டுமா?” என்று கேட்டார் அப்பா.

“சொன்னா மாப்ள ஓடிருவான்.”

“அப்ப டிரம்ஸு?”

“அதச் சொன்னா ஊரே ஓடிரும்.”

“பின்ன என்னாதான் சொல்றது?”

உபதேசியார் கூரையைப் பார்த்தார். “தையல் தெரியும்னு சொல்லுங்க. தையலுக்கு யாரும் கோச்சிக்க மாட்டாங்க.”

மாப்பிள்ளை வீட்டாருக்கு இரண்டு நிபந்தனைகள். ஈஸ்டர் முடிந்த மறுவாரமே கல்யாணம். அதற்குப் பிறகு பெண் வீட்டைவிட்டு எங்கும் போகக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், வாய்மொழித் தேர்வு அதற்கும் இரண்டு வாரம் கழித்து. அத்தை சண்டை போடவில்லை. “வந்து பாத்துட்டு போவட்டும்ணே. பாத்தா நான் என்னா தேஞ்சா போயிடுவேன்?” என்றாள். அப்பா அதைச் சம்மதம் என்று நினைத்தார். அவள் தன் காலை நம்பிச் சொன்னாள்.

அம்மாவும் அந்தக் காலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து, புடவைக் கொசுவத்தைத் தரைவரை இறக்கிவிட்டு, என்னைக் கூப்பிட்டாள்.

“நீ அத்த கால் மேல ஒக்காந்துக்கோ. ரெண்டு பாதமும் ஒனக்குக் கீழ இருக்கணும். அவுங்க போற வரைக்கும் எழுந்திருக்காத. எழுந்த, தோல உரிச்சிடுவேன்.”

ஒத்திகை பார்த்தோம். அம்மா அந்தப் பக்கம் போனதும் அத்தை குனிந்து என் காதில், “ஒனக்குக் காலு மரத்துப் போனா எழுந்துடுடி, பாவம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றாள். கண்ணடித்தாள்.

மாப்பிள்ளை, அவன் அம்மா, உபதேசியார், மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை தலைநிறைய எண்ணெயோடு, குனிந்த தலை நிமிராமல் இருந்தான். அவன் அம்மா ஒல்லியாக, உயரமாக, கணீரென்ற குரலோடு இருந்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். அதனால் மற்றவர்கள் முகங்களைப் பார்த்தபோது நான் கால்களைப் பார்த்தேன். மில்லுக்கார அம்மாவின் குதிகாலில் காய்ந்த ஏரி மாதிரி வெடிப்பு. நான் பார்ப்பதைப் பார்த்ததும் அவள் புடவையை இழுத்து மூடிக்கொண்டாள். பணக்காரர்களுக்கு வெடிப்பும் பெரிதாகத்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

உட்காரப் போனவள் மூலையைப் பார்த்தாள். மாதா, சூசையப்பர், இருவருக்கும் பக்கத்தில் ஊதாத் துணிக்குள் டிரம்ஸ். அவள் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டு முழங்காலிட்டுவிட்டாள். அப்பா பாதி எழுந்தவர் பாதியிலேயே நின்றார்.

ஜெபம் முடிந்து எழுந்தவள், “எந்தப் புனிதருங்க இவரு? இம்மாம் அகலமா இருக்காரு?” என்று கேட்டாள்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “அது… ஒருத்தரு இல்லீங்க. மூணு பேரு. திருக்குடும்பம்.”

“அப்டியா! நல்ல சக்தியா தெரியுது” என்று அந்த அம்மா துணியைத் தொட்டு முத்தமிட்டாள். உள்ளேயிருந்து மெதுவாக ‘டும்’ என்றது. உபதேசியார் பலமாக இருமினார்.

காப்பியும் சுண்டலும் வந்தன. தவக்காலம் என்பதால் கேசரி இல்லை. மேலே மின்விசிறி ‘கிரீச்… டக், கிரீச்… டக்’ என்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மின்விசிறிதான் வினை. என் கீழே முதலில் வலது பாதம் லேசாகத் தலையெடுத்தது. அழுத்தினேன். இடது பாதம் எழுந்தது. அந்தப் பக்கம் சாய்ந்தேன். பிறகு இரண்டும் மாறி மாறி. கப்பலில் போகிறவள் மாதிரி நான் அசைந்துகொண்டிருந்தேன். எல்லோருக்கும் ஜாஸ் காதுவழியாக ஏறும். எனக்கு எதன்வழியாக ஏறியது என்று சொன்னால் நீங்கள் சுவரைவிட்டு விழுந்துவிடுவீர்கள்.

“இந்தப் பாப்பா யாரு? சாமி மாதிரி ஒக்காந்திருக்கே! வா கண்ணு” என்று அந்த அம்மா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கிரீம் பிஸ்கட். ஆரஞ்சு வாசனை அங்கிருந்தே அடித்தது.

ஒரு பக்கம் அம்மாவின் கண் என் தோலை உரித்துக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் இயேசு சாமிக்குக் கொடுத்த வாக்கு. தவக்காலத்தில் பதினெட்டு நாள் தாக்குப் பிடித்திருந்தேன். எழுந்துவிட்டேன்.

நான் எழுந்ததும் கொசுவம் விலகி, அத்தையின் கால்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அவளும் விட்டுவிட்டாள். மின்விசிறிக்குப் பதில் சொல்லிக்கொண்டு வலது கால் ஒரு பக்கம், இடது கால் ஒரு பக்கம், கொலுசோடு. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அத்தை மட்டும் அமைதியாக, முடிந்தது கதை என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கால்களையே பார்த்தாள். பிறகு கையைத் தட்டிச் சிரித்தாள்.

“பாத்தியாடா! தையல் மிஷினு மிதிச்சி மிதிச்சி காலு சும்மா இருக்க மாட்டேங்குது பாரு! ஒக்காந்த எடத்துலயும் தச்சிகிட்டே இருக்குது பொண்ணு! சம்மந்தி, இதுக்குமேல என்னா பாக்கணும்? எங்களுக்குப் புடிச்சிருக்கு.”

அப்பா கண்ணைத் திறந்தார். அத்தையின் கால் நின்றுவிட்டது. அந்தக் கால் விழித்திருக்கும்போது நின்று நான் பார்த்தது அன்றுதான்.

பிஸ்கட் தின்றதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். காலைவிட்டு எழுந்ததை அவரிடம் சொல்லவில்லை. அதற்கு எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

மறுவாரம் உபதேசியார் இரண்டு கஜம் பச்சைத் துணியும் ஒரு பழைய ஜாக்கெட்டும் கொண்டுவந்தார். மருமகள் கையால் தைத்த ஜாக்கெட்டைத்தான் மாமியார் இனிமேல் போடுவாளாம். அத்தைக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அம்மா பக்கத்து வீட்டில் கை மிஷின் ஒன்றை இரவல் வாங்கி, தையலைவிட அதிகமாக ஜெபம் செய்து, நான்கு நாளில் முடித்தாள். முடித்தபின் தூக்கிப் பார்த்தோம். இரண்டு கையும் இடது கை.

“போட்டா தெரியாது” என்றாள் அம்மா. அனுப்பிவிட்டோம்.

அத்தை அப்பாவிடம் ஒரு முறை பேசிப் பார்த்தாள். “உண்மையச் சொல்லிடுண்ணே. ரெண்டு வாரம் தள்ளி வச்சாக்கூட பரீட்சைய முடிச்சிடுவேன்.”

“கல்யாணம் முடியட்டும் பாப்பா. அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்.”

“எப்ப? ரெண்டாவது புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கும்போதா?”

அப்பா விளக்கை அணைத்தார். அத்தை டிரம்ஸ் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி போர்வை அசையவில்லை.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம், ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது, அத்தை கடைசியாக ஒரு களம் பார்க்க வேண்டும் என்று கிளம்பினாள். காவலுக்கு அம்மா என்னையும் அனுப்பினாள். முதுநகரில் பாசஞ்சர் பிடித்துச் சிதம்பரம் போனோம். பேராசிரியருடைய அறையின் பியூன், “எங்க ஊர்ல ஒரு களம் இருக்கும்மா, அதப் போயி பாருங்க” என்று வழி சொன்னார். அங்கிருந்து டவுன் பஸ். காட்டுமன்னார்கோயில் பக்கம் மில் நான்கைந்து இருந்தன. எது எவருடையது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

வெயில் மண்டையைப் பிளந்தது. அவித்த நெல்லின் புளித்த ஆவி மூக்கில் ஏறியது. களம் முழுக்க நெல், அதில் தலையில் முண்டாசும் தூக்கிச் செருகிய புடவையுமாகப் பெண்கள் வரிசையாகக் காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். சரக்… சரக்… சரக். அவர்கள் போன இடமெல்லாம் ஏர் உழுத மாதிரிக் கோடு. வரிசைக்கு முன்னால் உயரமாக ஒருத்தி. அவள் திரும்பும் இடத்தில் வலது கையை உயர்த்தி வியர்வை துடைக்கப் பார்த்தாள், கை தோளுக்குமேல் வரவில்லை. பச்சை ஜாக்கெட்.

“அத்த,” என்றேன், “நம்ம ஜாக்கெட்டு.”

அத்தை நோட்டை மூடினாள். அந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டாள். வரிசையை விட்டு மெதுவாக வந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்தார்கள். தூரத்தில் மில்லுக்குள் மாப்பிள்ளை மிஷினுக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் இல்லாமல் அங்கே ஒன்றும் ஓடாதுதான்.

“தையக்காரி நோட்டும் பென்சிலுமா வந்திருக்கா?” என்றாள் அந்த அம்மா.

“மில்லுக்காரம்மா முண்டாசு கட்டிகிட்டு நிக்கறாங்க?” என்றாள் அத்தை.

அத்தை தன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டாள். அந்த அம்மாவும் சிரித்தாள், வலது கையைப் பிடித்துக்கொண்டு.

களத்து ஓரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்து அத்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆராய்ச்சி, பரீட்சை, டிரம்ஸ்.

“அப்ப அந்த மூலையில நின்ன மூணு பேரு?”

“பெரிய டிரம்மு ஒண்ணு, சின்னது ரெண்டு.”

“அடிப்பாவி! அதுங்களுக்கு நான் வேண்டுதல் வச்சிருக்கேன்டி!”

“என்னா வேண்டுதல்?”

அந்த அம்மா தன் குதிகாலைத் திருப்பிக் காட்டினாள். “தைக்கத் தெரிஞ்சவ மருமவளா வந்தா நான் இந்தக் களத்த விட்டு ஏறிடலாம்னு பாத்தேன். பதினஞ்சு வருசமா இந்தச் சூட்டுல நடக்கறேன். ஒன்ன எதுக்குக் கூட்டிகிட்டு வரது? ஒன் காலு எங்கூட நெல்லுலதான் கெடக்கும்.” பிறகு அத்தையின் நோட்டைப் பார்த்தாள். “இதுல என்னாதான் எழுதற?”

அத்தை பேராசிரியர் கேட்ட கேள்வியைச் சொன்னாள். இத்தனை பேர் காலும் ஒன்றாக விழுகிறதே, யார் நடத்துகிறார்கள்? முன்னால் போகிறவளா?

“முன்னால போறவ நடத்துனா பின்னால இருக்கறவளுங்க செத்தாளுங்க” என்றாள் அந்த அம்மா. “நான் முன்னால போறேன், பாத்த இல்ல? எனக்குப் பின்னால கடைசியில ஒரு புள்ளத்தாச்சி நடக்கறா. அவ காலு இழுக்கற சத்தம்தான் எனக்குக் கணக்கு. அவ மெதுவா இழுத்தா நானும் மெதுவு. முன்னால போறவ கண்ணால பாக்கறது கெடையாது, பின்னால கேக்கறதுதான்.”

அத்தை நோட்டில் எழுதவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த அம்மாவோடு களத்தில் இறங்கினாள். இரண்டு நடை போனாள். மூன்றாவது நடையில் சூடு தாங்காமல் குதித்துக்கொண்டு நிழலுக்கு ஓடிவந்தாள். ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது. பேண்டில் டிரம்ஸ் எப்போதும் கடைசியில், எல்லோருக்கும் பின்னால்தான் இருக்கும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கிளம்பும்போது அத்தை கேட்டாள்: “எங்க அண்ணங்கிட்ட என்னான்னு சொல்றது? ரெண்டு வீடும் பொய் சொல்லிச்சின்னு தெரிஞ்சா அவருக்கு மானம் போயிடும்.”

“எனக்கு மட்டும் இருந்துகிட்டா இருக்கு?” என்று அந்த அம்மா ஜாக்கெட்டின் கையைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். “பொண்ணுக்குத் தையல் சரியா வரலன்னு சொல்லிடறேன். சாட்சி என் தோளுலயே இருக்கு.”

பஸ்ஸில் அத்தை என்னிடம் ஒரு டின் பிஸ்கட் பேரம் பேசினாள். ஈஸ்டருக்குப் பிறகு கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். வாக்கு வாக்குதான்.

உபதேசியார் வந்து செய்தி சொன்னபோது அப்பா இடிந்துபோனார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, “ஒரு கைய ஒழுங்கா வச்சிருந்தா என் தங்கச்சி வாழ்க்க போயிருக்காதே” என்றார். அம்மா மறுமாதமே கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். பத்து வருஷத்தில் முதுநகரில் சாமியார்களின் பூசை உடுப்பெல்லாம் அவள் கையில்தான். அப்பா ரிட்டையர் ஆனபிறகும், “எல்லாம் அந்த ஒரு கையாலதான்” என்பார். கடைசிக் காலத்தில் கண் மங்கியபின்னும் அம்மா எந்தக் கையை வெட்டினாலும், “இது வலதுதானடி?” என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். வலதுதான் என்பேன். அந்த இடத்தில் ‘ஒன்னால இல்லம்மா’ என்று இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிஸ்கட் கதையில் எனக்குச் செரிக்காதது இது ஒன்றுதான்.

வாய்மொழித் தேர்வன்று நானும் சிதம்பரம் போனேன். அறைக்கு வெளியே பியூனுடைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மேஜையைத் தட்டும் சத்தம். முதலில் ஒருவர், பிறகு இரண்டு பேர்.

“உள்ள என்னா, சண்டையா?” என்றார் பியூன்.

“இல்ல. அத்த பதில் சொல்றாங்க.”

அடுத்த தவக்காலத்தில், அப்பா வீட்டிலிருந்த ஒரு மதியம், அந்த அம்மா கையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தியோடு வாசலில் நின்றாள். மகனுக்கு நிஜமான தையல்காரி ஒருத்தி கிடைத்துவிட்டாள். இவளும் களத்தைவிட்டு ஏறிவிட்டாள். வேண்டுதல் நிறைவேறியதாம். யாரையும் கேட்காமல் நேராக மூலைக்குப் போய், ஊதாத் துணி போட்ட டிரம்ஸுக்கு முன்னால் மூன்று மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலிட்டாள். அம்மாவும் வேறு வழியில்லாமல் பக்கத்தில் முழங்காலிட்டாள். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள், முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா போனபிறகு அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “செஞ்ச தப்ப உணந்து மன்னிப்பு கேக்க வந்திருக்கா, பாரு” என்றார்.

அத்தையின் மற்ற கதையெல்லாம் ஊருக்கே தெரியும். அவள் வகுப்பில் எந்த மாணவன் காலாட்டினாலும் திட்டமாட்டாள், தாளம் தப்பினால் மட்டும் திட்டுவாள். பாண்டிச்சேரி ஹோட்டலுக்குக் குடும்பத்தோடு சாப்பிட வந்த துணைவேந்தர் ஒருவர், டிரம்ஸுக்குப் பின்னால் தன் பேராசிரியை இருப்பதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டாராம். இவள் அடிப்பதை நிறுத்தாமல், “ஒக்காருங்க சார், சூப்பு ஆறிடும்” என்றாளாம். வெளிநாடுகளுக்குக் காலையில் பேசவும் மாலையில் அடிக்கவும் போய்வந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், “எனக்குத் தையல் வராது” என்பாள். ஆராய்ச்சி இங்கிலீஷில் புத்தகமானபோது அட்டையில் ஒரு படம் போட்டார்கள். முகம் இல்லை, நெல்லில் புதைந்த இரண்டு பாதங்கள், குதிகாலில் வெடிப்பு. எனக்கு அந்தப் புத்தகத்தில் படிக்க வந்தது அட்டை ஒன்றுதான். அதுவே எனக்கு முழுக்க விளங்கியது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள். அத்தைக்கு எண்பத்தெட்டு முடிந்துவிட்டது. மருந்து மயக்கத்தில் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். அன்று விடிந்ததிலிருந்து போர்வைக்குள் ஒன்றுமே அசையவில்லை. கட்டில் ஓரத்தில், அவள் பாதத்தை ஒட்டி, போர்வையின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியே யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனார்கள், அதன் ஒரு சக்கரம் நொண்டி. கிரீச்… டக். கிரீச்… டக்.

நான் உட்கார்ந்திருந்த போர்வைக்கு அடியில் வலது பாதம் லேசாகத் தலையெடுத்தது. பிறகு இடது.

அந்தப் பக்கம் வந்த நர்ஸ் பெண் பதறிவிட்டாள். “பாட்டிக்குக் காலு ஒதறுது! அசையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க. அப்டியே அழுத்திப் புடிச்சிக்குங்கம்மா, நான் போயி அவரக் கூட்டியாறேன்.”

அவள் ஓடினாள். நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எட்டு வயதில் ஒரு பிஸ்கட்டுக்காக எழுந்தவள் நான். இந்த முறை யாரும் எதையும் நீட்டவில்லை. நானாகவே எழுந்தேன்.